சுவரின் மேல் போட்ட பழி

"வாங்க தம்பி, இன்னைக்கும் படுத்துருச்சு" என்று தேனம்மை ஆச்சி வாசற்படியிலேயே சொல்லிவிட்டார். "முந்தி எங்க வீட்டுல ஒரு கறவை மாடு இருந்துச்சு. அதுகூட இத்தனை தடவை படுக்கல. அதைப் பாக்க வந்த டாக்டரும் தினம் வந்து காப்பி குடிக்கல."

சிவபிரகாஷ் செருப்பைக் கழற்றிக்கொண்டே சிரித்தான். அந்தச் சிரிப்பில் நிம்மதி கலந்திருந்ததை ஆச்சி கவனிக்கவில்லை. பள்ளத்தூரிலிருந்து கானாடுகாத்தானுக்கு வருகிற பேருந்தில் ஒவ்வொரு காலையும் அவனை ஓர் அச்சம் பிடித்துக்கொள்ளும். 'இன்னைக்கு நல்லா ஓடுது தம்பி' என்று ஆச்சி சொல்லிவிடுவாரோ என்பதே அந்த அச்சம். பழுது நீக்க வந்தவன், பழுது இல்லை என்ற சொல்லுக்கு அஞ்சுவது எந்த நியாயத்தில் சேர்த்தி? ஆயினும் அவன் அஞ்சினான். அஞ்சுவதற்குக் காரணமும் இருந்தது.

ஆச்சியின் வீடு முகப்பில் தொடங்கி அடுத்த தெருவில் பின்வாசலாக முடிகிற பெரிய வீடு. அதன் முற்பகுதியை அவர் விருந்தினர் விடுதியாக்கி நடத்திவந்தார். அறைப் பதிவையும் கணக்கையும் கவனிக்கும் மென்பொருளைப் பெங்களூரு நிறுவனம் ஒன்று அமைத்துக் கொடுத்திருந்தது. அம்மென்பொருள் ஓடுகிற சிறிய கணினி, முற்பகுதிக்கு அடுத்ததான இரண்டாங்கட்டின் சாமான் அறையில், பித்தளை அண்டாக்களுக்கு நடுவே ஒரு முக்காலியின் மேல் இருந்தது. அதை நிறுவிவிட்டு வருமாறு நிறுவனம் சிவபிரகாஷைச் சில நாள்களுக்கென்று அனுப்பியது. கார்த்திகையில் வந்தவன், தை பிறந்துவிட்டது, இன்னும் இருந்தான்.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்' என்ற வரி திரை நிறைய வந்து விழுந்தது. தொடர்பு மறுக்கப்பட்டது என்பது அதன் பொருள். யார் மறுக்கிறார், ஏன் மறுக்கிறார் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

இக்காலத்தில் மென்பொருளை ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. விருந்தினர் காணும் பக்கம் ஒன்று, கணக்கு ஒன்று, தகவல் அனைத்தையும் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் ஒன்று என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து ஓடவிடுகிறார்கள். அந்தப் பெட்டிக்குக் கன்டெய்னர் என்று பெயர். ஒரே கணினிக்குள் குடியிருந்தாலும் ஒரு பெட்டிக்கு இன்னொரு பெட்டியின் உள்விவகாரம் தெரியாது; கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும். கணினி விழிக்கும்போது எந்தப் பெட்டி முதலில் எழுகிறதோ அதற்கு முதல் எண்ணும், அடுத்து எழுவதற்கு அடுத்த எண்ணும் கதவெண்ணாகக் கிடைக்கும். அவ்வெண் நிலையானதன்று, பெட்டியின் பெயரே நிலையானது. பெயரைச் சொல்லிக் கேட்டால், அது இன்று எந்த எண்ணில் இருக்கிறது என்று கணினியே கண்டறிந்து சேர்த்துவிடும்.

இம்மென்பொருளை முதலில் எழுதிய எவரோ, பெயரை எழுத வேண்டிய இடத்தில் எண்ணை எழுதிவைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆகவே, கணினி அணைந்து மீண்டும் எழுகிற நாளிலெல்லாம் பெட்டிகளின் வரிசை மாறிவிடும். பக்கப் பெட்டியோ பழைய எண்ணுள்ள கதவையே போய்த் தட்டும். அங்கே கணக்குப் பெட்டி உட்கார்ந்திருக்கும். தனக்குச் சம்பந்தமில்லாத கேள்வியை அது முகத்திலடித்தாற்போல் மறுத்துவிடும்.

பெங்களூரில் ஒருவரும் இதைக் கண்டுபிடிக்காததில் வியப்பில்லை. அங்கே எந்தக் கணினியையும் எவரும் அணைப்பதில்லை. கானாடுகாத்தானில் அணைத்தார்கள். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கிற வீடுகள் நிறைந்த ஊர் இது. எங்கேனும் ஒரு கம்பி புகைந்தால் தேக்கு உத்தரம் பற்றிக்கொள்ளும் என்ற அச்சத்தில், அந்தி சாய்ந்ததும் ஆள் புழங்காத கட்டுகளின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டுவது இவ்வூர்க் காவற்காரர்களின் மாறாத பழக்கம். ஆச்சி வீட்டுக் காவற்காரரான சேவுகனும் விளக்கேற்றும் நேரத்தில் இரண்டாங்கட்டின் மெயினை இறக்குவார், விடிந்ததும் ஏற்றுவார்.

வந்த வாரத்தில் ஒரு மாலை, சிவபிரகாஷ் அதைக் கண்ணால் கண்டுவிட்டான். "இதை இறக்காம இருக்கக் கூடாதாண்ணே?" என்று கேட்டான்.

"எதுக்கு இறக்காம இருக்கணும்? கரண்டுன்னா கரண்டுதான தம்பி. அண்டாவுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ஒண்ணுன்னா வருது?" என்று சேவுகன் பூட்டை இழுத்துப் பார்த்தார்.

அன்றைக்கே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எண்ணை அழித்துப் பெயரை எழுத வேண்டும். ஒரு வரி. அதன்பின் சேவுகன் ஆயிரம் முறை இறக்கி ஏற்றினாலும் மென்பொருள் தானே எழுந்து, தானே கதவைக் கண்டுபிடித்துக்கொள்ளும். அந்த ஒரு வரியை அவன் எழுதவில்லை. காலையில் வந்து, அன்றைக்கு டேட்டாபேஸுக்கு வாய்த்த எண் எதுவென்று பார்த்து, அதை மட்டும் மாற்றுவான். அந்திவரை ஓடும். மறுநாள் மீண்டும் படுக்கும். ஆச்சி மாட்டை நினைவுகூர்வார்.

"ரூட் காஸ் என்ன பிரகாஷ்?" என்று பெங்களூரிலிருந்து மேலாளர் ஸ்ரீநிவாசன் ஒரு நாள் தொலைபேசியில் பழுதின் மூலகாரணத்தைக் கேட்டபோது, அவன் வாயில் வந்தது பொய். "சுவருதான் சார். இங்க ஒவ்வொரு சுவரும் ரெண்டு முழம் இருக்கு. சிக்னல் நிக்க மாட்டேங்குது."

"ஓ, அப்படியா. சரி, சரியாகிற வரைக்கும் அங்கயே இருங்க. அந்த அம்மா மூலமா இன்னும் மூணு வீடு நமக்கு வரப்போகுது. என்னைக்குச் சரியாகுதோ, அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிடுங்க."

என்றைக்குச் சரியாகிறதோ அன்று இரவே பேருந்து. அதனால்தான் அவன் அஞ்சினான்.

அவன் மனைவி வீரலட்சுமி பள்ளத்தூரில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியை. பல ஆண்டுகள் தேர்வெழுதிக் காத்திருந்து கிடைத்த பணி. அந்தப் பணியிடம் அந்தப் பள்ளிக்கே உரியது. மாறுதல் வாங்கிக்கொண்டு வேறிடம் போவதற்கு வழியே இல்லை. அவனுடைய நிறுவனமோ, உலகின் எந்த மூலையிலிருந்தும் எந்தக் கணினியையும் இயக்கலாம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம் செய்கிற நிறுவனம். அப்படிப்பட்ட நிறுவனம், தன் ஊழியன் மட்டும் வாரத்தில் ஐந்து நாளும் தான் காட்டுகிற நாற்காலியில் வந்து உட்கார்ந்தே தீரவேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. இதிலுள்ள முரணை எடுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் நா எழவில்லை. நெற்குப்பை ஊரே கூடி நடத்திவைத்த திருமணம், அதன்பின் தொலைபேசியில்தான் நடந்துகொண்டிருந்தது. பண்டிகைக்கு வருவான், பெட்டியிலிருந்து துணியை முழுதும் எடுத்து வைப்பதற்குள் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும்.

இந்தக் கார்த்திகைக்குப் பிறகுதான் அவர்கள் ஒரு வீட்டில் வாழ்ந்தார்கள். அவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள் என்பது அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது. மின்விசிறியை அவன் வேகமாக வைப்பதும் அவள் குறைப்பதுமாக ஒரு சண்டை மூண்டு, ஒரு வாரம் ஓடியது. தொலைபேசியில் அவர்கள் சண்டையிட்டதே இல்லை. சண்டையிடுவதற்குக்கூட ஓர் அறையில் இருந்தாக வேண்டும் அல்லவா? மாலையில் அவள் விரல் இடுக்கில் சுண்ணக்கட்டித் தூளோடு வந்து, கையைக் கழுவாமலே அடுப்படியில் நின்று பள்ளிக்கதை சொல்லத் தொடங்குவாள். அவன் வெங்காயம் அரிந்தபடி கேட்பான். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இது இல்லாத அறையொன்று பெங்களூரில் காத்திருக்கிறது என்ற நினைவு வந்துவிட, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொள்வான். அவள் எதிரில் நிற்கும்போதே அவன் அவளுக்காக ஏங்கினான். 'என்னங்க, வெங்காயமா?' என்பாள். 'ஆமா' என்பான்.

சுவரின் மேல் போட்ட பழி அத்துடன் நிற்கவில்லை. ஸ்ரீநிவாசன் ஆச்சியையே அழைத்து, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுவரை சுவர்களில் துளையிட்டுக் கேபிள் இழுத்துத் தருவதாகச் சொல்லிவிட்டார். ஆச்சி தொலைபேசியை வைத்த கையோடு சிவபிரகாஷை நோக்கி வந்தார்.

"எங்க வீட்டுச் சுவத்தையா குத்தஞ் சொன்னீக?"

"இல்லாச்சி, சிக்னலு..."

"என்ன சிக்னலு? எங்க மாமியா இருந்தவரைக்கும் இந்தச் சுவத்துல ஒருத்தரைச் சாஞ்சு உக்கார விடமாட்டாக, தலையெண்ணெய் ஒட்டீரும்னு. நான் ஒரு ஆணி அடிச்சது கிடையாது, காலண்டரைக்கூட அலமாரியிலதான் தொங்கவிட்டிருக்கேன். இவுக துளை போடுவாகளாம்ல துளை! உங்க சாருகிட்டச் சொல்லுங்க, வேணும்னா அவுக வீட்டுச் சுவத்துல போய்ப் போடட்டும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பளிங்குபோல் பளபளத்த அந்தச் சுவர் ஒரு குற்றமும் செய்யாமல் அவன் எதிரில் நின்றது. மறுப்பு வந்துவிட்டதால் இன்னும் சில நாள் கிடைக்கும் என்று அவன் மனம் கூசாமல் கணக்கிட்டது.

வெள்ளிக்கிழமை நண்பகல் கடந்த பொழுதில், ஒரு காரிலிருந்து இருவர் இறங்கினர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் சரவணகுமார். சிவகங்கைப் பக்கத்தில் மாமியார் வீட்டில் இருக்கும் அவன் மனைவி சத்தியப்பிரியா. அவள் உடுத்தியிருந்த புடவையில் கடை மடிப்புக்கூடக் கலையவில்லை. தலையில் மல்லிகை நிறைந்திருந்தது. ஞாயிறுவரை தங்குவதற்கு இணையத்தில் அறை பதிந்திருப்பதாகச் சொன்னார்கள்.

ஆச்சி பதிவைப் பார்த்தார். அப்படியொரு பதிவு இல்லை. வீடு முழுதும் ஒரு திருமண வீட்டார் நிறைந்திருந்தனர்.

"திங்கக்கிழமை காலையில போட்டேனே ஆச்சி" என்று சரவணகுமார் தன் தொலைபேசியைக் காட்டினான்.

திங்கட்கிழமை! சிவபிரகாஷ் அந்தக் காலையை நினைத்துப் பார்த்தான். அன்று வீரலட்சுமியின் பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. இருவரும் குன்றக்குடிக்குப் போய்விட்டுப் பொழுதேறித்தான் அவன் இங்கு வந்து சேர்ந்தான். சேவுகன் மெயினை ஏற்றியதற்கும் அவன் வந்ததற்கும் இடைப்பட்ட அந்த நேரத்தில், பக்கப் பெட்டி விழித்திருந்தது. டேட்டாபேஸை அதனால் எட்ட முடியவில்லை. பதிவு செய்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பதிவைக் காற்றில் விட்டுவிட்டது.

சத்தியப்பிரியா அவன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்கதான் கம்ப்யூட்டரு பாக்குறவுகளா? இதுல நன்றின்னு வந்துருக்கே, பாருங்க. நன்றின்னா ரூம் இருக்குன்னுதானே அர்த்தம்?"

அவன் அந்த வரியை மறுபடி படித்துப் பார்த்தான்.

ஆச்சி பதறிப்போனார். ஊரிலுள்ள மற்ற விடுதிகளுக்கெல்லாம் தொலைபேசியில் பேசினார். தை முகூர்த்தம், எங்கும் இடமில்லை. "நாளை மத்தியானம் கல்யாணக்காரவுக காலி பண்ணிருவாக. இன்னைக்கு ஒரு ராத்திரி என் ரூமுல இருந்துக்கங்க. நான் எங்கனயாவது படுத்துக்குவேன்" என்று கெஞ்சினார்.

"வேணாம் ஆச்சி. உங்களைக் கெளப்பிவிட்டுட்டு நாங்க இருந்தா நல்லாருக்காது" என்றான் சரவணகுமார். புதன்கிழமை அவனுக்கு விமானம்.

சத்தியப்பிரியா ஆச்சியின் அருகில் சென்று தணிந்த குரலில் சொன்னது சிவபிரகாஷின் காதில் விழுந்தது. "வீட்டுல எப்பயும் ஆளு ஆச்சி. அவுக வந்ததுல இருந்து உக்காந்து ஒரு வார்த்தை பேசல. அதான், ஃப்ரெண்டு கல்யாணத்துக்குப் போறோம்னு மாமியாகிட்டப் பொய் சொல்லிட்டு வந்தோம்." சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றாள். "பரவாயில்ல, போறோம்."

கார் திரும்பியது. அவள் முன்கண்ணாடிவழியே நேரே பார்த்துக்கொண்டு போனாள். வீட்டின் பக்கம் திரும்பவே இல்லை.

ஆச்சி சற்று நேரம் வாசலிலேயே நின்றார். பின்பு உள்ளே வந்து ஸ்ரீநிவாசனை அழைத்தார். "நான் கானாடுகாத்தான் தேனம்மை பேசுறேன். ஆளை அனுப்புங்க. சுவத்துல துளை போட்டுக்கங்க." மறுமுனையில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "எத்தனை வேணும்னாலும் போட்டுக்கங்க. சுவரு போனாப் போகட்டும். என் வாசல்ல வந்து எறங்குனவுகளைத் திருப்பி அனுப்புனேன்னு பேரு வேணாம்."

மறுநாள் முற்பகலில் காரைக்குடியிலிருந்து ஆள் வருவதாக முடிவாயிற்று. ஆச்சி சுவரோரமாய்ப் போய், அலமாரியில் தொங்கிய நாள்காட்டியை எடுத்து மடித்து உள்ளே வைத்தார். சிவபிரகாஷ் சொல்லிக்கொள்ளாமல் வெளியேறினான்.

வீரலட்சுமி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் எதிரே அமர்ந்து, எல்லாவற்றையும் சொன்னான். எண், பெயர், சேவுகன், சுவர், மல்லிகை என்று முன்னும் பின்னுமாக வந்தது. முடிந்ததும் சிவப்புப் பேனாவை மூடினாள்.

"எப்ப இருந்து தெரியும்?"

"வந்த வாரமே."

"அப்ப தினம் காலையில லேட்டாகுது லேட்டாகுதுன்னு ஒரு இட்லியைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுனதெல்லாம்?"

"நம்பரை மாத்திவிட."

"அந்தப் பொண்ணு எப்படி இருந்தா?"

"உன்னையாட்டந்தான்."

"என்னையாட்டம்னா?"

"பஸ் ஸ்டாண்டுல என்னைய ஏத்திவிட்டுட்டு நிப்பியே, அப்ப இருக்கிற மாதிரி."

அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தெருவில் எவரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தார், அது கிளம்பவில்லை.

"எனக்காகச் செஞ்சேன்னு மட்டும் சொல்லீராதீக" என்றாள்.

"சொல்லல. எனக்காகத்தான் செஞ்சேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, சரி பண்ணுங்கன்னு நீ சொல்லியிருப்ப."

அவள் விடைத்தாள்களை ஒழுங்காய்த் தட்டி அடுக்கினாள். அடுக்கியதை மறுபடியும் தட்டினாள். "சொல்லியிருப்பேனான்னு தெரியல" என்றாள் கடைசியில். "அதான் எனக்குக் கோவமா வருது."

சனிக்கிழமை காலை, துளையிடும் ஆள் வருவதற்கு முன்பே இருவரும் கானாடுகாத்தானில் இறங்கினர். தன்னந்தனியாய்ப் போவதாக அவன் சொன்னதை அவள் ஒப்பவில்லை. "நீங்க பாதி சொல்லிட்டுப் பாதியை முழுங்கிருவீக" என்று கூடவே வந்துவிட்டாள்.

ஆச்சி நின்றபடியே கேட்டார். அவன் எதையும் விழுங்கவில்லை. கேட்டு முடித்ததும் அவர் அவனைப் பார்க்காமல் வீரலட்சுமியைப் பார்த்தார்.

"நீதான் டீச்சரா?"

"ஆமாங்காச்சி."

"உனக்குத் தெரியுமா?"

"நேத்து ராவுதான் தெரியும்."

ஆச்சி தலையசைத்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "இந்த வீட்டு ஆம்பளைக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போனவுக தம்பி. வருசக்கணக்காத் திரும்ப மாட்டாக. எத்தனை பொம்பளைக இங்கன உக்காந்து வழி பாத்துக் கெடந்தாகளோ, எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனா அதுல ஒருத்திகூட, அடுத்தவ புருசனை வாசலோட திருப்பி அனுப்புனதில்ல."

"தப்புத்தான் ஆச்சி."

"அந்தப் பிள்ளைகளுக்குப் போன் போடுங்க. மத்தியானத்துக்கு மேல ரூம் இருக்கு, காசு வேணாம், வரச்சொல்லுங்க."

அவன் அங்கேயே நின்று அழைத்தான். சரவணகுமார் இரைச்சலான ஓரிடத்திலிருந்து பேசினான். "பரவாயில்லண்ணே. வீட்டுல எல்லாரும் வந்துட்டாக. கல்யாணத்துக்குப் போயிட்டு ஏன் உடனே வந்துட்டீகன்னு கேட்டு அதுக்கு வேற ஒரு பொய்யச் சொல்லியாச்சு. இனிமே எங்குட்டுக் கெளம்புறது? அடுத்த வருசம் பாக்கலாம்." யாரோ கூப்பிட, தொடர்பு அறுந்தது.

அவன் அதைச் சொன்னதும் ஆச்சி காரைக்குடிக்குப் பேசி, துளைக்க வரும் ஆளை நிறுத்திவிட்டார். "போயி முதல்ல அதைச் சரி பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார்.

சாமான் அறையில் வீரலட்சுமி கவிழ்த்திருந்த ஓர் அண்டாவின் மேல் அமர்ந்துகொண்டாள். அவன் கோப்பைத் திறந்து, எண்ணை அழித்து, அந்த இடத்தில் பெட்டியின் பெயரை எழுதினான். டேட்டாபேஸ் முழுதாய் எழுந்த பிறகே பக்கப் பெட்டி எழவேண்டும் என்று இன்னொரு வரியையும் சேர்த்தான். சேமித்தான்.

"இம்புட்டுத்தானா?" என்றாள் அவள்.

"இம்புட்டுத்தான்."

அவள் அந்த வரியை எட்டிப் பார்த்தாள். ஒரு மாணவன் விடைத்தாளில் மைபூசி மறைத்திருந்ததைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தாள்.

"சேவுகண்ணே, மெயினை ஒருக்க இறக்கி ஏத்துங்க" என்று அவன் குரல் கொடுத்தான்.

"பகல்லயா? இறக்கக் கூடாதுன்னு ஒரு நாளு, இறக்குன்னு ஒரு நாளு. நல்ல வேலைதான் பாக்குறீக" என்று முணுமுணுத்துக்கொண்டே சேவுகன் மெயினை இறக்கினார். கணினியின் சிறு விசிறி சுழன்று நின்றது. அதுவரை அதன் ஓசை இருந்ததே தெரியவில்லை. நின்றபின் அறை முழுதும் அமைதி. பிறகு அவர் ஏற்றினார். பச்சை விளக்கு மின்னத் தொடங்கியது. பெட்டிகள் ஒவ்வொன்றாய் எழவேண்டும். காத்திருந்தார்கள்.

"வரலேன்னா?" என்று அவள் கேட்டாள்.

"வேற எங்கயாச்சும் தப்பு இருக்கும். தேடணும்."

"தேடுறதுன்னா, நாளாகுமா?"

"ஆகும்."

இருவரும் அந்தப் பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய கை அவன் முழங்கையைப் பற்றியிருந்தது. பக்கம் வரவேண்டும் என்று பற்றியதா, வரக்கூடாது என்று பற்றியதா என்பதை அவன் கேட்கத் துணியவில்லை. தன் நெஞ்சில் இருந்தது எது என்பதையே அவனால் அப்போது அறுதியிட்டுச் சொல்ல முடிந்திருக்காது.

பக்கம் திறந்தது. அவன் ஒரு பொய்ப்பெயரில் அறை பதிந்து பார்த்தான். நன்றி என்று வந்தது. டேட்டாபேஸைத் திறந்து பார்த்தான், பதிவும் இருந்தது. அதை அழித்தான். இன்னொரு முறை இறக்கி ஏற்றச் சொன்னான். மறுபடியும் திறந்தது.

அவன் வெளியே முற்றத்தில் நின்று ஸ்ரீநிவாசனை அழைத்தான். சுவர் காரணமன்று என்பதையும், காரணம் வந்த வாரமே தனக்குத் தெரியும் என்பதையும், ஏன் மறைத்தான் என்பதையும் சொன்னான்.

"இதை நான் மேல சொல்லாம இருக்க முடியாது பிரகாஷ்."

"சொல்லுங்க சார். ஒண்ணு கேக்கணும். இங்க இருந்தே வேலை பாக்க அனுமதி குடுப்பீங்களா? பொய் சொல்றதுக்கு முன்னாடி இதைத்தான் கேட்டிருக்கணும். கேக்கல."

"இப்ப கேட்டா யாரு குடுப்பாங்க?" ஸ்ரீநிவாசனின் குரலில் சினத்தைவிடக் களைப்பே மிகுந்திருந்தது. "திங்கக்கிழமை காலையில ஆபீஸ்ல இருங்க. நாளைக்கு ராத்திரி ஏறினாப் போதும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

ஆச்சி வழியனுப்ப வாசலுக்கு வரவில்லை. உள்ளிருந்து ஒரு பெண்ணின் கையில் இருவருக்கும் காப்பி மட்டும் வந்தது. குடித்துவிட்டு, பேருந்து நிற்குமிடத்துக்கு நடந்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நாளை என்ன சமைப்பது என்று அவள் கேட்டாள். அவன் ஏதோ சொன்னான். அது இருவர் மனத்திலும் தங்கவில்லை.

பள்ளத்தூர் வழியாகச் செல்லும் பேருந்து புழுதி கிளப்பியபடி வந்து, அவர்கள் முன்னால் வேகம் குறைத்தது. நடத்துநர் படியில் நின்று கேள்வியோடு பார்த்தார். சிவபிரகாஷ் கையைத் தூக்கப் போனான்.

"அடுத்ததுல போவம்" என்றாள் வீரலட்சுமி.

பேருந்து போய்விட்டது. இந்த முறை இருவரும் அங்கேயே நின்றார்கள்.